அப்பாவின் கண் பிரஷருக்குக் கஞ்சா எண்ணெய் கொடுக்கலாமா?

கேள்வி: பாலக்கோடு பக்கம் எங்கள் ஊர். அப்பாவுக்கு 63 வயது, கொல்லையில் தக்காளியும் கேழ்வரகும் போடுகிறார். மூன்று வருடத்துக்கு முன்பு கண் பிரஷர் என்று சொன்னார்கள். அதற்குள் இடது கண்ணில் ஓரப் பார்வை போய்விட்டிருந்தது. முதலில் ராத்திரிக்கு ஒரு சொட்டு மருந்து கொடுத்தார்கள். ஆறு மாதம் முன்பு காலையும் மாலையும் விடச் சொல்லி இன்னொன்றைச் சேர்த்தார்கள். "எரியுது, ஊத்தி ஊத்தியும் பார்வை கூடல" என்று அப்பா பாதி நாள் விடுவதில்லை. இரண்டாவது சொட்டு வந்த பிறகு ராத்திரியில் மூச்சு இளைக்கிறது என்றும் சொல்கிறார். பீடி பிடிப்பவர் என்பதால் நாங்கள் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. பெங்களூரில் வேலை செய்யும் மாமா மகன், அமெரிக்காவில் இந்த நோய்க்குக் கஞ்சாவையே மருந்தாகக் கொடுக்கிறார்கள், இங்கேயும் ஆன்லைனில் கஞ்சா எண்ணெய் வருகிறது, வாங்கி அனுப்புகிறேன் என்கிறான். ஊரில் ஒரு பெரியவர் பச்சை இலையைப் பிழிந்து கண்ணிலேயே விடலாம் என்கிறார். எனக்கு 35 வயது. என்ன செய்வதென்று தெரியவில்லை. கொடுக்கலாமா, டாக்டர்?

பதில்: தம்பி, கஞ்சா விஷயத்துக்கு வருவதற்கு முன்னால், நீங்கள் போகிற போக்கில் எழுதியிருக்கும் அந்த மூச்சு இளைப்பைப் பற்றிப் பேச வேண்டும். உங்கள் கடிதத்தில் என்னைப் பதற வைத்த வரி அதுதான்.

அந்த இரண்டாவது பாட்டிலை எடுத்து லேபிளைப் படியுங்கள். டிமோலால் என்று இருக்கிறதா பாருங்கள். வேறு பெயரோடு சேர்ந்தும் இருக்கலாம். காலை மாலை இரண்டு வேளை விடும் சொட்டு என்பதால் அதுவாக இருக்க வாய்ப்பு அதிகம். கண் பிரஷருக்கு நல்ல மருந்து, விலையும் குறைவு. ஆனால் கண்ணில் விடும் சொட்டு கண்ணோடு நிற்பதில்லை. மூக்கோரத்தில் இருக்கும் சின்னத் துளை வழியாக இறங்கி ரத்தத்தில் கலக்கும். ஆஸ்துமாவோ பீடியால் கெட்ட நுரையீரலோ உள்ளவருக்கு டிமோலால் மூச்சுக்குழாயைச் சுருக்கிவிடும், நாடித்துடிப்பையும் குறைக்கும். அதனால்தான் அதை எழுதுவதற்கு முன்பு "வீசிங் இருக்கா? பீடி சிகரெட் உண்டா?" என்று கேட்கிறோம். அப்பா சொல்லாமல் விட்டிருக்கலாம், கேட்கவேண்டியவர் கேட்காமலும் விட்டிருக்கலாம். இப்போது அதை ஆராய வேண்டாம். நாளைக் காலையிலேயே அந்த மருத்துவரிடம் இரண்டு பாட்டிலையும் எடுத்துக்கொண்டு போங்கள். இன்று ராத்திரியே இளைப்பு அதிகமானால் அந்தச் சொட்டை விடாதீர்கள்; நேராக அவசர சிகிச்சைக்குப் போய், "கண்ணுக்கு இந்த மருந்து விடுகிறோம்" என்று பாட்டிலைக் காட்டுங்கள். ராத்திரிச் சொட்டை மட்டும் எக்காரணத்துக்கும் நிறுத்தாதீர்கள்.

சரி, இப்போது கஞ்சா.

உங்கள் மாமா மகன் பொய் சொல்லவில்லை. 1971-இல் அமெரிக்காவில் ஹெப்ளர், ஃபிராங்க் என்ற இருவர், கஞ்சா புகைத்தவர்களின் கண் அழுத்தத்தை அளந்து பார்த்தார்கள். ஏறக்குறைய கால் பங்கு குறைந்திருந்தது. அதற்குப் பிறகு 1976-இல் ராபர்ட் ராண்டல் என்பவரின் வழக்கு வந்தது. கண் நீர் அழுத்த நோயால், அதாவது உங்கள் அப்பாவுக்கு இருக்கும் அதே கண் பிரஷரால் (கிளாக்கோமா), பார்வை போய்க்கொண்டிருந்த இளைஞர் அவர். வாஷிங்டனில் தன் வீட்டில் கஞ்சாச் செடி வளர்த்ததற்காகக் கைதானார். என் கண்ணைக் காப்பாற்ற எனக்கு வேறு வழியில்லை என்று வாதாடி வழக்கில் ஜெயித்தார். அரசாங்கமே தன் மேற்பார்வையில் மிசிசிப்பி பல்கலைக்கழகத்தில் வளர்த்த கஞ்சாவைச் சிகரெட்டாகச் சுருட்டி அவருக்குக் கொடுத்தது. இன்றைக்கும் அங்கே பல மாநிலங்களின் மருத்துவக் கஞ்சாச் சட்டங்களில் இந்த நோயின் பெயர் இருக்கிறது.

ராண்டலின் வழக்கை நான் மரியாதையோடுதான் பார்க்கிறேன். ஆனால் அந்த வருடத்தைக் கவனியுங்கள். 1976-இல் கண் மருத்துவரிடம் என்ன இருந்தது? கண்மணியைச் சுருக்கிப் பார்வையை மங்கலாக்கும் பைலோகார்பின், விரல் நுனியெல்லாம் மரத்துப்போக வைக்கும் அசெட்டாசோலமைடு மாத்திரை, இன்னும் ஒன்றிரண்டு. டிமோலாலுக்கே அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது 1978-இல். உங்கள் அப்பா ராத்திரி விடும் சொட்டு பெரும்பாலும் லட்டனோபிராஸ்ட் வகையாக இருக்கும். அது வந்தது 1996-இல். அன்று வழியில்லாமல் நின்றவருக்குக் கஞ்சா ஒரு வழியாக இருந்தது. 2001-இல் ராண்டல் இறந்துபோனார். இன்றைக்கு அதே அமெரிக்காவின் கண் மருத்துவர்கள் அமைப்பு, இந்த நோய்க்குக் கஞ்சா வேண்டாம் என்றுதான் சொல்கிறது. சட்டப் பட்டியலில் பெயர் இருப்பது வேறு, கண் மருத்துவர் மருந்துச் சீட்டில் எழுதுவது வேறு.

ஏன் வேண்டாம் என்கிறார்கள்? இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். அப்பாவுக்கு நீங்கள்தான் புரியவைக்க வேண்டும்.

கண்ணுக்குள் ஒரு நீர் ஊறிக்கொண்டே இருக்கிறது, வடிந்துகொண்டும் இருக்கிறது. இது கண்ணீர் கிடையாது, உள்ளே இருக்கும் தனி நீர். வடிகால் அடைத்தால் உள்ளே அழுத்தம் ஏறும். பொதுவாக 10 முதல் 21 மி.மீ. பாதரசம் வரை இருப்பதை இயல்பு என்கிறோம். அது ஏறும்போது கண்ணுக்குப் பின்னால் இருக்கும் பார்வை நரம்பு நசுங்குகிறது. பத்து லட்சத்துக்கும் மேல் இழைகள் உள்ள நரம்பு அது. ஒரு இழை செத்தால் திரும்ப முளைக்காது. இந்தச் சாவு பகலில் மட்டும் நடப்பதில்லை, தூங்கும்போதும் நடக்கிறது. படுத்த நிலையில் கண் அழுத்தம் பொதுவாகக் கொஞ்சம் கூடவே செய்யும்.

கஞ்சா அழுத்தத்தைக் குறைப்பது மூன்று, நான்கு மணி நேரம்தான். அதற்குமேல் பழைய இடத்துக்கே ஏறிவிடும். இருபத்துநாலு மணி நேரமும் குறைத்து வைக்க ஒரு நாளைக்கு ஆறு முதல் எட்டு தடவை எடுக்க வேண்டும், நடுராத்திரியில் எழுந்தும் எடுக்க வேண்டும். ராத்திரி ஒரு சொட்டு விடுவதே பாரம் என்கிற அப்பா அதைச் செய்வாரா? செய்தாலும், பொழுதெல்லாம் போதையில் இருக்கும் 63 வயது மனிதரைக் கொல்லைக்கு மோட்டார் போட எப்படி அனுப்புவீர்கள்? ஏற்கெனவே ஓரப் பார்வை இல்லாத கண். வரப்பில் தடுக்கி விழுந்து இடுப்பு முறிந்தால் அது இன்னொரு கதையாகிவிடும். இளைப்பு உள்ள நெஞ்சுக்குள் கஞ்சாப் புகை போனால் என்ன ஆகும் என்று நான் சொல்லத் தேவையில்லை.

உடம்பு அதற்குப் பழகியும் போகும். மற்ற சிகிச்சைகள் கைகொடுக்காத ஒன்பது நோயாளிகளுக்குக் கஞ்சாவில் இருக்கும் முக்கியப் பொருளான டிஎச்சி-யைக் கொடுத்துப் பார்த்து 2002-இல் ஒரு ஆய்வு வெளியானது. முதலில் எல்லோருக்கும் அழுத்தம் இறங்கியது. ஒன்பது மாதத்துக்குள் ஒருவர் விடாமல் எல்லோரும் நிறுத்திவிட்டார்கள். ஒன்று பலன் போய்விட்டது, இல்லையென்றால் பக்கவிளைவைத் தாங்க முடியவில்லை.

எனக்கு எல்லாவற்றையும்விட முக்கியமாகப் படுவது வேறொன்று. நம் பக்கத்து ஏரிப் பாசனத்தை நினைத்துக்கொள்ளுங்கள். மதகில் தண்ணீர் வேகமாக வந்தால்தான் கடைமடைக்குப் போய்ச் சேரும். வேகம் குறைந்தால் முதலில் காய்வது கடைமடைதான். பார்வை நரம்பு கண்ணின் கடைமடை. ரத்த அழுத்தம் தள்ளுவதால் அங்கே ரத்தம் போகிறது, கண் அழுத்தம் அதை எதிர்த்து நிற்கிறது. கஞ்சா எதிர்த்து நிற்பதையும் குறைக்கிறது, தள்ளுவதையும் குறைக்கிறது. எழுந்து நின்றால் தலை சுற்றும் அளவுக்குச் சிலருக்கு ரத்த அழுத்தம் இறங்கிவிடும். மீட்டரில் கண் அழுத்தம் நன்றாகத்தான் காட்டும், நரம்போ ரத்தம் இல்லாமல் காயும்.

மீட்டர் என்றதும் ஒன்று சொல்ல வேண்டும். என்னிடம் வருபவர்களில் பலர் செக்கப்புக்கு முந்தின நாளும் அன்று காலையும் மட்டும் ஒழுங்காகச் சொட்டு விட்டுக்கொண்டு வருவார்கள். அளந்தால் 15, 16 என்று அழகாக இருக்கும். ஆனால் எவ்வளவு பரப்பு தெரிகிறது என்று அளக்கும் ஃபீல்டு டெஸ்ட் எடுத்துப் பார்த்தால், பார்வை போன இடத்தைக் காட்டும் கறுப்பு போன வருடத்தைவிடக் கூடியிருக்கும். அரூர் பக்கத்திலிருந்து வந்த ஒருவரிடம் இரண்டு வருடம் இதைக் கண்டுபிடிக்காமல் ஏமாந்திருக்கிறேன். அழுத்தம் சரியாக இருக்கிறதே, ஏன் நரம்பு சாகிறது என்று தலையில் ஸ்கேன்கூட எடுக்கச் சொன்னேன். கடைசியில் அவருடைய மகள்தான் சொன்னாள், "அப்பா மாசத்துல நாலு நாள்தான் ஊத்துவாரு" என்று. அந்த இரண்டு வருடத்தில் அவர் இழந்ததை என்னால் திருப்பிக் கொடுக்க முடியவில்லை. கஞ்சா எடுத்துவிட்டு வந்து உட்கார்ந்தாலும் இதே கதைதான். நான் பார்க்கும் அரை மணி நேரத்துக்கு எண் சரியாக இருக்கும். மருத்துவரும் ஏமாறுவார், அப்பாவும் ஏமாறுவார்.

அடுத்து அந்த ஆன்லைன் எண்ணெய். சட்டப்படி விற்பவர்கள் ஆயுஷ் உரிமத்தோடு 'விஜயா' என்ற பெயரில் விற்கிறார்கள். கஞ்சாவுக்கு ஆயுர்வேதப் பெயர் அது. சித்த மருத்துவத்திலும் கஞ்சாவைச் சுத்தி செய்து சில மருந்துகளில் சேர்ப்பது உண்டு. அந்த மரபை நான் குறை சொல்ல வரவில்லை. ஆனால் இப்படி வரும் எண்ணெய்களில் பலவற்றில் 'போதை இல்லாதது' என்று சொல்லி சிபிடி என்ற பொருளை முக்கியமாக வைக்கிறார்கள். கண் அழுத்தத்தைக் குறைப்பது டிஎச்சி. அதுதான் போதையும் தருவது. சிபிடி குறைப்பதில்லை, கூட்டவே செய்யலாம். 2006-இல் மனிதர்களிடம் நடந்த ஒரு சிறிய ஆய்வில், நாக்கின் அடியில் 40 மில்லிகிராம் சிபிடி கொடுத்தபோது கண் அழுத்தம் கொஞ்ச நேரத்துக்கு ஏறியது. 2018-இல் இண்டியானா பல்கலைக்கழகத்தில் எலிகளின் கண்ணில் விட்டுப் பார்த்தபோது 18 சதவீதம் ஏறி, நான்கு மணி நேரமாவது அப்படியே நின்றது. சாதாரண ஆளுக்கு இது ஒன்றும் செய்யாமல் போகலாம். ஒரு கண்ணில் ஓரப் பார்வையை ஏற்கெனவே தொலைத்தவருக்குக் கொடுத்துப் பார்க்கிற விஷயம் இல்லை இது. "போதை இல்லை, அதனால் பாதுகாப்பு" என்று மாமா மகன் நினைத்திருப்பார். கண் நீர் அழுத்த நோயில் அந்தக் கணக்கு தலைகீழ்.

பச்சை இலையைப் பிழிந்து கண்ணில் விடுவதைப் பற்றிக் கொஞ்சம் கடுமையாகவே எழுதுகிறேன், மன்னித்துக்கொள்ளுங்கள். கஞ்சா இலை மட்டுமில்லை, எந்த இலையும் வேண்டாம். கஞ்சாவின் பொருள் எண்ணெயில் கரையும், நீரில் கரையாது. அதைக் கண்ணுக்குள் போகும் சொட்டாக மாற்ற எத்தனையோ ஆய்வுக்கூடங்கள் தடுமாறியிருக்கின்றன. கையால் பிழிந்த சாறு கருவிழியைத் தாண்டி உள்ளே போகாது. அதில் ஒட்டியிருக்கும் பூஞ்சைக்கும் கிருமிக்கும் கருவிழியே போதும். விவசாயம் செய்பவர்களுக்குக் கருவிழியில் வரும் பூஞ்சைப் புண்தான் நான் இங்கே மிகவும் பயப்படும் நோய். மாதக்கணக்கில் மணிக்கொரு தடவை மருந்து விட்டாலும் வெள்ளைத் தழும்போடு முடியும், சில கண்களை எடுக்கவே வேண்டியிருக்கும். பென்னாகரம் பக்கத்திலிருந்து ஒரு பாட்டியைக் கூட்டி வந்தார்கள். கண் உறுத்தலுக்கு ஏதோ தழைச்சாறு விட்டிருந்தார்கள். வந்தபோது கருவிழி உருகிவிட்டிருந்தது. இலையை விடச் சொல்லும் அந்தப் பெரியவரிடம் நான் சொன்னதாகவே சொல்லுங்கள்.

சட்டத்தையும் சொல்லிவிடுகிறேன். 1985-ஆம் ஆண்டு போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தில் கஞ்சாச் செடி வளர்ப்பதற்குப் பத்து வருடம் வரை சிறையும் ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதமும் உண்டு. கொல்லை மூலையில் இரண்டு செடி நட்டாலும் செடி செடிதான். மருந்துக்காக வளர்த்தேன் என்று சொல்லித் தப்பிக்க அதில் இடமில்லை.

இனி அப்பா ஏன் சொட்டு விடுவதில்லை என்பதைப் பார்ப்போம். உங்கள் வீட்டுப் பிரச்சினையின் வேர் இங்கேதான் இருக்கிறது.

"ஊத்தி ஊத்தியும் பார்வை கூடல." இதை நான் வாரம் ஒருமுறையாவது கேட்கிறேன். பக்கத்து வீட்டுக்காரர் கண்புரைக்கு ஆபரேஷன் செய்துகொண்டு மறுநாளே பளிச்சென்று பார்க்கிறார். அதைப் பார்த்துவிட்டு அப்பாவும் தன் சொட்டிலிருந்து அதையே எதிர்பார்க்கிறார். கண் பிரஷருக்கு விடும் எந்தச் சொட்டும் பார்வையைக் கூட்டாது. போனது போனதுதான். இருப்பதைக் காவல் காப்பதுதான் அதன் வேலை. அறுவடைக்கு முன்னால் தக்காளிக் கொல்லையில் ராத்திரி காவல் படுப்போம் இல்லையா? காவல் படுத்ததால் காய் பெருக்காது, இருக்கிற காய் திருடு போகாது. அப்பாவிடம் இந்த மாதிரி சொல்லிப் பாருங்கள். "வலது கண் இன்னும் முழுசா இருக்கு. அதுக்குத்தான் இந்தச் சொட்டு" என்று சொல்லுங்கள்.

எரிச்சலுக்கு வழி இருக்கிறது. சொட்டு கெடாமல் இருக்கச் சேர்க்கும் பொருளே பலருக்கு எரிச்சல் தரும். அது சேர்க்காத சொட்டுகளும் கிடைக்கின்றன, கேளுங்கள். விடும் விதத்தையும் பாருங்கள். கீழ் இமையை இழுத்துப் பிடித்து ஒரே ஒரு சொட்டு. பிறகு கண்ணை மெதுவாக மூடிக்கொண்டு, மூக்கை ஒட்டிய கண் ஓரத்தை விரலால் இரண்டு நிமிடம் அழுத்திக்கொள்ளச் சொல்லுங்கள். மருந்து மூக்குக்குள் அதிகம் இறங்காது, பெரும்பாலும் கண்ணிலேயே நிற்கும். இரண்டு மருந்து இருந்தால் நடுவில் ஐந்து நிமிடமாவது இடைவெளி. தனியாக விடும்போது முக்கால்வாசிப் பேருக்குக் கன்னத்தில்தான் விழுகிறது, நானே உட்காரவைத்துப் பார்த்திருக்கிறேன். அதனால் ராத்திரிச் சொட்டை வீட்டில் யாராவது விட்டுவிடுவது நல்லது. களி சாப்பிட்டுக் கை கழுவியதும் சொட்டு என்று ஒரு வேளையோடு கட்டிவிட்டால் மறக்காது.

சொட்டே வேண்டாம் என்று அப்பா பிடிவாதமாக நின்றாலும் வழி இருக்கிறது. கண்ணின் வடிகால் திறந்த வகையா அடைந்த வகையா என்று லென்ஸ் வைத்துப் பார்ப்பார்கள். திறந்த வகையாக இருந்தால் எஸ்எல்டி என்ற லேசர் உண்டு. உட்கார்ந்தபடியே சில நிமிடத்தில் முடிந்துவிடும். புதிதாக நோய் கண்டுபிடிக்கப்பட்டவர்களுக்கு முதலிலேயே இந்த லேசரைச் செய்து பார்த்து 2019-இல் இங்கிலாந்தில் ஒரு பெரிய ஆய்வை வெளியிட்டார்கள். நாலில் மூன்று பேர் மூன்று வருடம் கழித்தும் சொட்டு இல்லாமலே இருந்தார்கள். அப்பாவுக்கு நோய் முற்றியிருப்பதால் அந்த அளவு பலனை நான் உறுதி சொல்லமாட்டேன், ஆனால் ஒரு சொட்டாவது குறையலாம். அதுவும் போதவில்லை என்றால் நீருக்குப் புது வழி வெட்டும் ஆபரேஷன் இருக்கிறது. தர்மபுரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் கண் பிரிவில் முதலில் காட்டுங்கள். அங்கே செய்ய முடியாததற்குச் சேலத்துக்கோ பெங்களூரு மிண்டோ கண் மருத்துவமனைக்கோ எழுதி வாங்கிக்கொள்ளலாம். மாமா மகன் எண்ணெய்க்குச் செலவழிக்க நினைத்த பணத்தைப் போக்குவரத்துக்குக் கொடுக்கட்டும், அந்த அன்பு வீணாகாது.

இன்னொரு கேள்வியும் அப்பாவிடம் கேளுங்கள். கண் அரிக்கிறது, சிவக்கிறது என்று மெடிக்கல் ஷாப்பில் கேட்டு ஏதாவது சொட்டு வாங்கி விடுகிறாரா? அவற்றில் பலவற்றில் ஸ்டீராய்டு இருக்கும். மாதக்கணக்கில் விட்டால் அதுவே கண் பிரஷரை ஏற்றும். இருந்தால் அந்தப் பாட்டிலையும் நாளைக்குப் பையில் போட்டுக்கொள்ளுங்கள்.

பீடியை நிறுத்தச் சொல்லி நான் இங்கிருந்து எழுதுவதில் பயனில்லை. நெஞ்சைக் கேட்கும் மருத்துவர் நேரில் சொல்லட்டும், அவரிடமும் ஒருமுறை காட்டிவிடுங்கள்.

கடைசியாக உங்களைப் பற்றி. 35 வயது என்று எழுதியிருக்கிறீர்கள். இந்த நோய் குடும்பத்தில் ஓடும். அப்பாவுக்கோ அம்மாவுக்கோ இருந்தால் பிள்ளைகளுக்கு வரும் வாய்ப்பு பல மடங்கு கூடுதல். பெரும்பாலும் வலி கிடையாது, சிவக்காது, பாதி போகும்வரை தெரியவும் தெரியாது. அப்பாவை அழைத்துப் போகும்போது நீங்களும் ஒரு சீட்டுப் போட்டு, அழுத்தத்தை அளந்து நரம்பையும் பார்க்கச் சொல்லுங்கள். கூடப் பிறந்தவர்கள் இருந்தால் அவர்களையும் கூட்டிப் போங்கள்.